ஓடைக்கரை மரங்களை வெட்டினால்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

காட்டு மரங்களை வெட்டினால் ஓடைக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்று பார்க்க, அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் நடந்த அல்சியா ஓடை ஆய்வைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: மரம் நிற்பது கரையில், மீன் இருப்பது தண்ணீரில். வெட்டினால் மீனுக்கு என்ன சார்?

பதில்: நிழல் போய்விடுமே! அல்சியாவில் மூன்று ஓடைகளை 1959 முதல் அளந்து வந்தார்கள். 1966-இல் நீடில் பிராஞ்ச் ஓடையில் தண்ணீர் ஓரம் வரை மொட்டையடித்து, மிச்சக் கழிவைக் கொளுத்தினார்கள். அதுவரை 14 டிகிரி செல்சியஸைத் தொட்டுக்கொண்டிருந்த உச்ச வெப்பம் ஒரே வருடத்தில் 29-ஐ எட்டியது. தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். அங்கிருந்த கட்த்ரோட் ட்ரவுட் மீன்கள் வெகுவாகக் குறைந்துபோயின.

கேள்வி: அப்போ காட்டில் கோடாலியே படக்கூடாதா அண்ணா?

பதில்: அப்படி இல்லை தம்பி. பக்கத்து டீர் கிரீக்கிலும் வெட்டினார்கள். ஆனால் திட்டுத் திட்டாக, கரையோர மரங்களை விட்டுவிட்டு. அங்கே வெட்டியதால் தண்ணீர் சூடாகவில்லை. மூன்றாவதான பிளின் கிரீக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொடவே இல்லை.

கேள்வி: கரையில் மரம் விட்டால் போதும், அப்படித்தானே?

பதில்: போதாது. அதே டீர் கிரீக்கில், வெட்டிய மரத்தை ஏற்றும் லாரிக்காகப் போட்ட சாலை சரிந்து சேறு ஓடைக்குள் இறங்கியது. சால்மன், ஓடையில் பிறந்து கடலுக்குப் போய் வளரும் மீன்; கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிடும். கல்லிடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. சேறு அந்த இடுக்கை அடைத்துவிடும். என்னைக் கேட்டால், ரம்பத்தைவிட சாலைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி: வெயில் பட்டால் பாசி வளரும், பூச்சி பெருகும். மீனுக்கு நல்லதுதானே?

பதில்: பாதி சரி. கனடாவின் வான்கூவர் தீவில் கார்னேஷன் கிரீக் என்றோர் ஓடை. மரம் வெட்டிய பிறகு அங்கே குளிர்காலத் தண்ணீரும் சற்றுச் சூடானது. கோஹோ சால்மன் குஞ்சுகள் சீக்கிரமே கல்லுக்கடியிலிருந்து வெளிவந்து, நன்றாக வளரவும் செய்தன. அப்புறம்தான் சிக்கல்: வழக்கத்துக்கு முன்பே கடலுக்குக் கிளம்பிவிட்டன. அந்த நேரத்தில் கடல் அவற்றுக்கு அவ்வளவு தோதாக இல்லை.

கேள்வி: சட்டம் ஏதும் வந்ததா?

பதில்: வந்தது. ஒரேகானின் வன நடைமுறைச் சட்டம், 1971.

கேள்வி: ஓடையில் விழுந்து கிடக்கும் மரங்களையாவது எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம்! கட்டை குறுக்கே கிடந்தால்தான் மடு உண்டாகும், சருகு தங்கும், குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். ஒருகாலத்தில் மீனுக்கு வழி விடுகிறோம் என்று அதையெல்லாம் அள்ளிக் கொட்டினார்கள். இப்போது ஹெலிகாப்டரில் தூக்கிவந்து திரும்பப் போடுகிறார்கள்.