தரைவீட்டுக்கு வந்தபின் பேச்சுத்துணை இல்லை

அன்புள்ள ஐயா,

பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியிலிருந்து சிம்பாங் அம்பாட்டில் வாங்கிய தரைவீட்டுக்குக் குடிவந்து நான்கு மாதமாகிறது. எங்கள் லோரோங்கில் (சந்தில்) தமிழ்க் குடும்பங்கள் மூன்றோ நான்கோ. காலையில் கேட் திறந்து கார் போகிறது, இரவில் கார் வந்து கேட் மூடுகிறது. வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொண்டேன். சிரித்துப் பேசினார்கள், அதோடு சரி. பகலெல்லாம் தனியாக இருக்கும் மாமியார் பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்கிறார். நான் என்ன செய்ய?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குறை உங்களிடம் இல்லை, வீட்டின் அமைப்பில் இருக்கிறது. அடுக்குமாடியில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே நாலு பேரைப் பார்த்துவிடுவோம். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் ஆய்வு செய்து 1950இல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் பக்கத்து வீட்டாரை நெருங்கிய நண்பர் என்றவர்கள் 41 விழுக்காடு. நடைவழியின் மறுகோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 விழுக்காடு. மாடிப்படியோரம் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதுதான் பழக்கமாகிறது. நாற்பது வீட்டில் ஒருமுறை தலைகாட்டுவதைவிட, பக்கத்து இரண்டு வீடும் எதிர் இரண்டு வீடும் உங்களை வாராவாரம் பார்ப்பது மேல்.

அதற்கு வீட்டு முன்கால்வாயே போதும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, தவறாமல், நீள்கைப்பிடித் துடைப்பமும் கையுறையும் குப்பைப்பையுமாக வெளியே வந்து அதைச் சுத்தம் செய்யுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள்தான், அதனால் வாரம் ஒருமுறை என்பது பொருத்தமான கணக்கு. பூந்தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்துவிடுங்கள். சேற்றை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை, பகையே அங்கே தொடங்கும். அள்ளி ஓரமாக நீர்வடிய வைத்துப் பையில் கட்டுங்கள். அண்டைவீட்டார் முன்பக்கத்தையும் இரண்டடி சேர்த்துக் கூட்டினால் யாரும் கோபிக்கப் போவதில்லை. மூன்றாம் நான்காம் வாரத்தில் ஒருவராவது கேட்டருகே வந்து நிற்பார்.

கதவைத் தட்டிப் பேசுவதானால் நேரம் பாருங்கள். ஏழேகால், ஏழரை மணியளவில் மலாய் வீடுகளில் மஃரிப் (அந்தி) தொழுகை. வெள்ளி நண்பகலிலும் ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். மாலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை நல்லது. பலகாரம் கொடுப்பதென்றால் மலாய் வீட்டுக்கு ஹலால் முத்திரையுள்ள கடைப் பெட்டியோ பழமோ சங்கடம் தராது. சீனர்களில் மாட்டிறைச்சி தொடாதவர்களும், சீன மாதத்தின் 1ஆம், 15ஆம் நாளில் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தை இரட்டைப்படையில் கொடுங்கள். புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் வீடுகளில் கரும்பு கட்டி, பட்டாசு வெடித்து வானதேவனை வணங்குவார்கள். அந்தச் சத்தத்துக்காகப் புகார் எழுதிவிடாதீர்கள்!

தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீர்த்தடை, தெருவிளக்கு, காணாமல் போன பூனை ஆகியவற்றுக்கு அது உதவும். கார் வழிமறித்து நிற்கிறது என்பதைக் குழுவில் படம்போட்டுச் சொன்னால் அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்றே வையுங்கள். நேரில் போய், தனியாக, மலாயில் இரண்டு வரி பேசினால் தீர்ந்துவிடும்.

அடுத்தது ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் சங்கம். 1975இல் தொடங்கியது, இப்போது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசின் ஒற்றுமைத் துறை பார்த்துக்கொள்கிறது. உங்கள் தாமானில் இருக்கிறதா என்று அந்தத் துறையின் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் பதவி ஏற்காதீர்கள். வேலையோடு அதையும் சுமந்து ஆறே மாதத்தில் சலித்து ஒதுங்கிவிடுவார்கள் பலர். கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி நாளில் தேநீர் கலக்குவது, வருகைப் பெயர் எழுதுவது மாதிரி எல்லாரும் உங்களிடம் வந்துபோகும் சிறு வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மாமியார் விஷயம்தான் அவசரம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போதாது, அவருக்குப் பகலில் ஆள் வேண்டும். பக்கத்துக் கோவிலில் அன்னதானம் என்றைக்கு என்று விசாரியுங்கள். "சும்மா போய் உட்காருங்கள்" என்றால் போகமாட்டார். காய் நறுக்கவோ பூத் தொடுக்கவோ கை தேவைப்படுகிறதா என்று கோவில் பொறுப்பாளரிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவையுங்கள். வேலையோடு போகிறவர் அதே முகங்களை அடுத்த வாரமும் பார்ப்பார். அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பி மூத்தவரை அனுப்பமுடியாது. லோரோங்கில் இருக்கும் மற்றத் தமிழ் வீடுகளில் கோவிலுக்குப் போகிறவர்களிடம் காரில் ஓரிடம் கேளுங்கள், மறுவாரம் அவர்கள் வீட்டுப் பெரியவரை நீங்கள் ஏற்றிச் செல்லுங்கள். இதை இந்த வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.