ஆன்லைனில் நஷ்டத்துக்கு விற்பது ஏன் தவறு?

பெரிய முதலீடு உள்ள நிறுவனம், அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டிக் கடைகளை மூட வைப்பதைத்தான் இங்கே நஷ்டத்துக்கு விற்பது என்கிறோம். போட்டி ஒழிந்தபின் விலையை ஏற்றி, இன்றைய நஷ்டத்தை ஈடுகட்டிவிடலாம் என்பது கணக்கு.

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையே பாருங்கள். ஒட்டி ஒட்டித் துணிக்கடைகள். நைட்டி விலை படியவில்லையா, அடுத்த கடைப் படி ஏறிவிடலாம். அந்த அடுத்த கடை இருப்பதால்தான் முதல் கடைக்காரர் "சரி, எடுத்துக்கோங்கம்மா" என்று இறங்கி வருகிறார். அது மூடிவிட்டால்? எனக்கு இது தந்திரமாகத் தெரியவில்லை, அநியாயம்.

அப்புறம், தள்ளுபடி எல்லாமே சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2002 போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியை ஒழிக்க இப்படி விற்பதைத்தான் தடுக்கிறது, ஆடித் தள்ளுபடியை அல்ல.