கோழைன்னு யாரை சொல்றது?

வணக்கம் அண்ணா,

என் பையன் எட்டாவது படிக்கிறான். லீவுக்கு ஊருக்கு போனப்போ அவன் மாமா கிணத்து மேட்டுலேருந்து குதிடான்னு சொன்னாரு, இவனுக்கு நீச்சல் அரைகுறை, மாட்டேன்னுட்டான். எல்லார் முன்னாடியும் கோழை, பேடின்னு திட்டிட்டாரு. அதுலேருந்து புள்ள சரியா பேசவே மாட்டேங்குறான். பயந்தா கோழையா அண்ணா?

ஒரு வாசகி

வணக்கம்மா,

நிச்சயமா இல்ல. நீச்சல் வராதவன் ஆழக்கிணத்துல குதிக்க மாட்டேன்னா அது புத்தி, வள்ளுவரே 428வது குறள்ல 'அஞ்சுவ தஞ்சாமை பேதைமை'ன்னு சொல்லிட்டாரு, பயப்பட வேண்டியதுக்கு பயப்படாதவன்தான் முட்டாள்னு அர்த்தம். அத்தனை பேர் முன்னாடி முடியாதுன்னு நின்னான் பாருங்க, எனக்கு அதுதான் தைரியமா தெரியுது. இடுப்புல லாரி டியூப் மாட்டி படிக்கட்டு பக்கமா அந்த மாமாவையே நீச்சல் கத்துக்குடுக்க சொல்லுங்க.

பயந்தாங்கொள்ளின்னு பல்லிய பாத்து கத்துறவங்கள கூட செல்லமா சொல்லுவோம், தொடைநடுங்கின்னா கேலி கொஞ்சம் ஜாஸ்தி. கோழை அப்படி இல்லம்மா, அது ஒரு ஆளோட குணத்துக்கே குடுக்குற தீர்ப்பு. தான் செஞ்சே ஆகவேண்டிய ஒண்ண, செய்ய முடிஞ்சும், தன் தோல் தப்பிச்சா போதும்னு அடுத்தவன் தலைல கட்டிட்டு நழுவுறவனுக்குத்தான் அது பொருந்தும், வண்டில ஒருத்தர இடிச்சு தள்ளிட்டு நிக்காம போறான் பாருங்க, அவன் கோழை. உடம்பு நடுங்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இந்த வித்தியாசம் தெரியாம போனா என்ன ஆகும்னு முதல் உலகப்போர்ல பாக்கலாம். பிரிட்டிஷ் ராணுவத்துல ஹாரி ஃபார்னு ஒரு சிப்பாய், 25 வயசு, குண்டு சத்தத்துல மனசு கலங்கி 1915ல மாசக்கணக்கா ஆஸ்பத்திரில கெடந்தவர், அவரை திரும்ப சண்டைக்கு அனுப்பிட்டாங்க, 1916ல இனிமே முன்வரிசைக்கு போக முடியலன்னு சொன்னதுக்கு கோழைத்தனம்னு குற்றம் சாட்டி அக்டோபர் மாசம் ஒரு விடியக்காலைல சொந்த ராணுவமே சுட்டுக் கொன்னுடுச்சு. மனைவிக்கு பென்ஷனும் இல்லாம போச்சு. அவர் மகளும் மத்த குடும்பங்களும் வருஷக்கணக்கா போராடி 2006லதான் அவரோட சேத்து 306 பேருக்கு மன்னிப்பு குடுத்தாங்க. படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும் எனக்கு. நோயாளிக்கு வைத்தியம் பாக்க வேண்டிய எடத்துல ஒரு வார்த்தைய வச்சு உயிரையே எடுத்துட்டாங்க.

பேடிங்கறது இன்னும் மோசம். பழைய தமிழ்ல ஆணும் இல்லாம பெண்ணும் இல்லாம இருக்கறவங்களுக்கு இருந்த பேரு, குறள்ல கூட 'பேடிகை ஒள்வாள்'னு, அதாவது பேடி கையில இருக்குற பளபளக்குற வாள்னு வருது. இன்னிக்கு அதை வசவா சொன்னா பையன மட்டும் இல்ல, இந்த ஊர்ல எத்தனையோ அவமானத்த தாண்டி தைரியமா வாழ்ற திருநங்கைகளையும் சேத்து அடிக்கிறோம். அந்த மாமாகிட்ட இத நேராவே சொல்லிடுங்க, முடிஞ்சா பையன் பக்கத்துல இருக்கும்போதே சொல்லுங்க.