பிரிட்டனி குட்டி வாங்கும்போது பெடிகிரியில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான். அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். பிரிட்டனி என்ற வேட்டை நாய் இனத்தில் ஒரு குட்டி வாங்கி இங்கே ஃபீல்டு டிரையலில் (பறவை தேடும் வேட்டை நாய்களுக்கான போட்டி) ஓடவிட ஆசை. விற்பவர் தந்த பெடிகிரியில், அதாவது வம்சாவளிப் பட்டியலில், பட்டங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. எதை நம்புவது? ஊர் திரும்பும்போது நாயையும் கூட்டி வரலாமா?

பதில்: பட்டங்களை எண்ணாதீர்கள், எந்தத் தலைமுறையில் இருக்கின்றன என்று பாருங்கள். கொள்ளுத்தாத்தா பெரிய சாம்பியனாகவே இருக்கட்டும், குட்டிக்குள் அதன் பங்கு சராசரியாக எட்டில் ஒன்றுதான். தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி. விளம்பரத்தில் தகப்பனைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். நானாக இருந்தால் தாய் களத்தில் ஓடுவதை நேரில் பார்க்காமல் முன்பணம் தரமாட்டேன்.

பெயருக்கு முன்னால் ‘எஃப்.சி.’ என்றிருந்தால் டிரையலில் மற்ற நாய்களை வென்றது. ‘சி.எச்.’ மட்டும் என்றால் அழகுப் போட்டியில் வென்றது. ‘டி.சி.’ என்றால் இரண்டிலும். பெயருக்குப் பின்னால் வரும் ‘எம்.எச்.’ போட்டிப் பட்டமல்ல, வேட்டைத் திறனுக்கான தகுதித் தேர்வு. அதுவும் நல்ல அடையாளமே.

அடுத்து, அந்த வம்சம் எந்தப் பிரிவில் வென்றது என்று கேளுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ‘ஆல் ஏஜ்’ பிரிவு நாய்கள் வெகுதூரம் விரிந்து தேடும். நடத்துபவர் பெரும்பாலும் குதிரையில் பின்தொடர்வார். கால்நடையாகப் பழக்கப்போகும் உங்களுக்கு அந்த ரத்தம் கட்டுப்படாமல் போகலாம். ‘கன் டாக்’ பிரிவில், நடந்தே நடத்தி வென்ற நாய்களின் குட்டியைத் தேடுங்கள்.

டிரையலில் இரண்டிரண்டு நாயாக விடுவார்கள். பறவையின் மோப்பம் கிடைத்ததும் அப்படியே நிற்க வேண்டும். ஜோடி நாய் முதலில் நின்றுவிட்டால், அதைப் பார்த்து இதுவும் நிற்க வேண்டும். பறவை எழுந்து பறந்தாலும், துப்பாக்கி வெடித்தாலும் அசையக்கூடாது. நம்ம சிப்பிப்பாறை கண்ணால் கண்டதும் பாயும்; பிரிட்டனி இதற்கு நேர் எதிர். மோப்பத்தில் நிற்பது ரத்தத்தில் வரும். வெடிச் சத்தத்துக்கும் அசையாதது பழக்கத்தில்தான் வரும். இளம் நாய்களுக்கான பப்பி, டெர்பி பிரிவுகளில் அந்த உறுதியை எதிர்பார்ப்பதில்லை, அதனால் இரண்டு வயதுவரை அவசரப்படுத்த வேண்டாம்.

பெடிகிரியில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா என்றும் பாருங்கள். தாயும் தகப்பனும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை என்றால் குட்டியின் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய சொந்தத்துக்குள் இனம் சேர்வது) அளவு 12.5 சதவீதம். நான் வாங்கமாட்டேன். பெற்றோர் இரண்டுக்கும் இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஊருக்குக் கூட்டி வருவது. நம்ம பக்கம் கௌதாரி, காடை எல்லாம் கண்மாய்க் கரையில் நிறையவே உண்டு. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கும் மாவட்டம் இது. அந்தச் சரணாலயப் பக்கம் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். போட்டி வயது முடியும்வரை அங்கேயே வைத்திருங்கள். அப்புறம் கூட்டி வருவதானால், புறப்படும் முன்பே விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்று) எழுதிப் போடுங்கள். இங்கே வந்ததும் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்து, வீட்டுக்குள் விடுமுன் காது மடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி பாருங்கள்.