நரி விரட்டும் நேரம்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு இன்றோடு 41 நாள். பிறந்தபோது 2.8 கிலோ, போன வாரம் நர்ஸ் அக்கா வந்து எடை போட்டபோது 3.8. தேனி பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். எட்டரைக்குத் தூங்குபவன் பன்னிரண்டரைக்கு எழுகிறான், அப்புறம் மூன்று, ஐந்து. வேலையெல்லாம் முடித்து நான் படுக்கவே பதினொன்றாகிவிடுகிறது, கண் அசரும்போது அவன் அழ ஆரம்பிக்கிறான். படுக்கும் முன்பு அவனை எழுப்பாமலே ஒருமுறை பால் கொடுத்துவிடு, ட்ரீம் ஃபீட் என்று பெயர் என்று தோழி சொன்னாள். மூன்று நாள் முயன்றேன். இரண்டு நாள் வாயையே திறக்கவில்லை, ஒரு நாள் முழித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதான். பாலைப் பீய்ச்சிக் கொடு, சங்கில் நான் புகட்டுகிறேன், தூக்கத்திலேயே குடித்துவிடுவான் என்கிறார் அம்மா. செய்யலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சங்கு வேண்டாம். தூங்குகிற குழந்தைக்குச் சங்கோ பாலாடையோ எதுவுமே வேண்டாம். மார்பில் குடிக்கும்போது பிள்ளை தானே உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சுகிறது, அது நிறுத்தினால் பாலும் ஏறக்குறைய நின்றுவிடும். சங்கில் ஊற்றும்போது வேகத்தை முடிவு செய்வது ஊற்றுகிறவர் கை. தூக்கத்தில் இருக்கும் பிள்ளையால் போதும் என்று காட்டவும் முடியாது, பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். என் மகளுக்கு ஒரு மாதமாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் அப்படிப் புகட்டப்போய்ப் புரையேறி, முகமெல்லாம் சிவந்து, அழுகைச் சத்தம் வெளியே வருவதற்குள் நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பாலாடை நல்ல சாமான்தான், உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் அதில்தான் கொடுக்கிறார்கள், ஆனால் பிள்ளை முழித்திருக்கும்போது, தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

சரி, உங்கள் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்று பார்ப்போம். நீங்கள் போன நேரத்தில் அவன் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பான் என்று நினைக்கிறேன். இந்த வயதுப் பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி மேலோட்டமான தூக்கம். இமை துடிக்கும், உதடு சப்புக்கொட்டும், மூச்சு ஒரே சீராக இருக்காது, திடீரென்று சிரிக்கும், முகத்தைச் சுளிக்கும், சின்னதாக முனகும். "நரி விரட்டுது" என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதேதான். அந்த நேரத்தில் வாய் தானாகவே பாலைத் தேடும். ஆழ்ந்த தூக்கம் வேறு மாதிரி இருக்கும், மூச்சு ஒரே சீராக வரும், முகத்தில் அசைவே இருக்காது, கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி தொப்பென்று விழும். அப்போது எவ்வளவு கன்னத்தைத் தடவினாலும் வாய் திறக்காது, திறக்க வைக்கவும் கூடாது. ஒரு சுற்று சுமார் ஐம்பது நிமிடம்தான், அதனால் காத்திருங்கள். மணி பதினொன்று என்பதைப் பார்க்காமல், பத்தேகாலோ பத்தே முக்காலோ, நரி வரும்போது போங்கள்.

விளக்கைப் போடாதீர்கள், ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். பேச வேண்டாம். மலம் கழித்திருந்தால் மட்டும் துணி மாற்றுங்கள், அதையும் பால் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மெதுவாகத் தூக்கி, தலை கொஞ்சம் உயரமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கீழுதட்டில் காம்பு படும்படி வைத்துக் காத்திருங்கள். அவன் வாயை அகலத் திறந்து பிடித்தால் சரி. விழுங்கும் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும், சும்மா சப்பிக்கொண்டிருப்பது பால் குடித்த கணக்கில் வராது. இரண்டு மூன்று முறை தொட்டும் வாய் திறக்காவிட்டால் அப்படியே படுக்க வைத்துவிடுங்கள். குடித்தால், தோளில் பத்து நிமிடம் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும் மல்லாந்து படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம், தூளியும் வேண்டாம், சமதரையாக இருக்கட்டும். உங்களுக்கே கண் சொருகினால் சோபாவிலும் நாற்காலியிலும் மட்டும் உட்காராதீர்கள், பிள்ளை சரிந்து இடுக்கில் மாட்டிக்கொள்ளும், அது உண்மையிலேயே ஆபத்து.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கு ஒன்று. பிறந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது, பிறந்த எடையை இன்னும் பிள்ளை எட்டவில்லை, குறைமாதம், அல்லது மஞ்சள் காமாலை இருக்கிறது என்றால் இந்தத் தூக்கப் பால் உங்களுக்கானது இல்லை. அந்தப் பிள்ளைகளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நன்றாக எழுப்பி, துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்து, முழிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். எழுப்பியும் எழாமல் பால் மறுக்கிற பிள்ளையை, சமர்த்தாகத் தூங்குகிறது என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். உங்கள் மகன் போன வாரத்துக்குள்ளேயே ஒரு கிலோ ஏறியிருக்கிறான், நன்றாகக் குடிக்கிறான், பயப்பட எதுவும் இல்லை. பதினொன்றுக்குக் குடித்துவிட்டு மூன்று வரை தூங்கினாலும் தூங்குவான், வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கே எழுந்தாலும் எழுவான். எல்லாப் பிள்ளைக்கும் இது பலிப்பதில்லை. ஒரு வாரம் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இராத்திரிப் பாலை ஒரேயடியாக நிறுத்தவும் நினைக்காதீர்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இராத்திரியில்தான் அதிகம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒரு வரி. "வேலையெல்லாம் முடித்து" என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சை உடம்புக்காரி பதினொரு மணி வரை என்ன வேலை செய்கிறீர்கள்? எட்டரைக்கு அவன் தூங்கும்போது நீங்களும் படுத்தால் பன்னிரண்டரை வரை முழுசாக நாலு மணி நேரம் கிடைக்கிறது, யாரையும் தூக்கத்தில் தொட வேண்டியதே இல்லை. சங்கு பிடிக்கத் தயாராக இருக்கும் அம்மாவிடம், அதற்குப் பதிலாக அந்த இராத்திரி வேலையைக் கொடுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.