அப்புச்சி பேச்சைப் பிடிக்க எந்த மைக்?

கேள்வி: "அண்ணா, வணக்கமுங்க. எங்களுக்குத் தாராபுரம் பக்கம். எங்க அப்புச்சிக்கு, அம்மாவோட அப்பாவுக்கு, 78 வயசு ஆச்சுங்க. காங்கேயம் மாடு வளர்த்தே காலத்தைக் கழிச்சவரு. மாட்டு உடம்புல சுழி பாக்கறது, கொரங்காடுங்கற மேய்ச்சல் நிலத்தைப் பராமரிக்கறது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல வீடியோ எடுத்து வைக்கறேன். கேமரா கேனான் 200டி மார்க் 2. படம் நல்லா வருதுங்க. பேச்சுதான் கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்குது, காத்துச் சத்தம் வேற. 5,000 ரூபாய்க்குள்ள கேமரா மேல மாட்டற மைக் எது வாங்கட்டும்? நடந்துக்கிட்டே பேசுவாரு. சட்டையில ஒயர் மாட்டினாப் பிடிக்காதுங்க."

அம்மிணி, நீங்கள் செய்வது பெரிய காரியம். ஆகவே மைக்கின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கல்யாணச் சீரில் வயதான பெரியவர் ஒருவர் நின்று வாழ்த்துப் பாடினார். பத்தடி தள்ளி நின்று, கேமராவில் இருந்த மைக்கை நம்பிப் பதிவு செய்தேன். சில வருடம் கழித்து அவருடைய பேரன் வந்து அந்தப் பாட்டு மட்டும் வேண்டும் என்று கேட்டான். போட்டுப் பார்த்தோம். பெரியவரின் முகம் பளிச்சென்று இருக்கிறது, வாய் அசைகிறது, காதில் விழுவது மின்விசிறியும் பந்திக்கு இழுக்கும் நாற்காலிகளும்தான். அந்தப் பையன் எதுவும் பேசாமல் எழுந்து போனான். அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் மைக் எங்கே நிற்கும் என்று பார்த்த பிறகுதான் கேமராவை எடுக்கிறேன்.

உங்கள் கிணற்றுக் குரலுக்கு முதல் காரணம் தூரம். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் பேச்சு 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 60 டெசிபல் என்றால் இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48. ஆனால் வெள்வேல மரத்தின் சலசலப்பும் பக்கத்துக் காட்டு மோட்டாரும் நீங்கள் நாலடி பின்னால் போனதற்காகக் குறையப் போவதில்லை. பேச்சு இறங்க இறங்க அவை மேலே வந்துவிடும். பத்தாயிரம் ரூபாய் மைக்கைப் பன்னிரண்டு அடியில் வைப்பதைவிட இரண்டாயிரம் ரூபாய் மைக்கை இரண்டடியில் வைத்தால் பேச்சு தெளிவாக வரும். நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

தள்ளி நின்று ஜூம் போட்டு எடுக்கிறீர்கள் என்றால் அந்தப் பழக்கத்தை விடுங்கள். லென்ஸ் ஜூம் ஆகும், மைக் ஜூம் ஆகாது. 18-55 லென்ஸை, அகலமாகக் காட்டும் 18-இல் வைத்துக்கொண்டு அப்புச்சிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். மூன்றடிக்குள் இருந்தால் கேமரா மேல் மாட்டும் மைக் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். இன்னொன்று, உங்கள் கேமராவில் 4கே வைத்தால் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுப் படம் நெருங்கி வரும். ஆள் சட்டத்துக்குள் அடங்க நீங்கள் பின்னால் போக வேண்டியிருக்கும், குரலும் கூடவே தேயும். ஃபுல் எச்டியில் எடுங்கள், போதும்.

சரி, மைக்குக்கு வருவோம். உங்கள் கேமராவில் 3.5 மில்லிமீட்டர் மைக் துளை இருக்கிறது. அது உங்கள் அதிர்ஷ்டம். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்கள் காசு கொடுக்கும் முன் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். நம் பக்கம் பலர் கையில் இருக்கும் கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலும் வெளி மைக்குக்குத் துளையே கிடையாது. மைக்கை வாங்கி வந்து, மேலே மாட்டிவிட்டு, ஒயரை எங்கே செருகுவது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் தனி ரெக்கார்டரிலோ செல்போனிலோ ஒலியைப் பிடித்து, எடிட் செய்யும்போது படத்தோடு சேர்க்க வேண்டியதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது போயா பிஒய்-எம்எம்1. விரல் நீளச் சின்ன மைக். பேட்டரி வேண்டாம், கேமரா துளையிலிருந்தே அதற்கான மின்சாரம் போகும். முன்னால் வரும் சத்தத்தை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். அதிர்வு தாங்கும் பிடி, காற்றுக்கு முடி உறை, கேமராவுக்கு ஒரு ஒயர், செல்போனுக்கு ஒரு ஒயர் என எல்லாம் பெட்டியிலேயே வரும். உங்கள் பட்ஜெட்டில் பாதியைத் தாண்டாது. இதைவிடச் சுத்தமான ஒலி வேண்டுமென்றால் ரோட் வீடியோமைக்ரோ வகை இருக்கிறது, அதுவும் பேட்டரி கேட்காது. ஆனால் விலை கூட. மிச்சப் பணத்துக்கு வேறு வேலை இருப்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை. போலிச் சரக்கு நிறைய நடமாடுவதால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

ஒயர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒயர் முனையில் செருகும் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் கேமராவுக்கு, மூன்று இருந்தால் செல்போனுக்கு. மாற்றிச் செருகினால் ஒலி வராமல் போகலாம், வந்தாலும் கோளாறாக வரலாம்.

இனி காற்று. தாராபுரத்தில் இருந்துகொண்டு காற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று வீசித் தள்ளுகிறது. காற்றாலைகள் அங்கே வரிசை கட்டி நிற்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், மைக் எந்த மூலைக்கு? நம் வீடியோவில் கேட்கும் அந்தப் 'புர்புர்' தூரத்திலிருந்து வரும் சத்தம் அல்ல. காற்று மைக்கின் வாயில் நேராக மோதிச் சுழல்வதால் அங்கேயே பிறப்பது. அதனால்தான் கேட்கும்போது சுமாராக இருந்த காற்று, பதிவில் இடி மாதிரி வருகிறது. சில மைக்குகளோடு வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் மூச்சுக் காற்றைத் தாங்கும், வெளிக்காற்றுக்குப் பத்தாது. முடி உறைதான் வேண்டும். நீள முடிகள் காற்றின் வேகத்தை உடைத்துவிட்டுப் பேச்சை உள்ளே விடும். ஆடி, ஆவணியில் அதைக் கழற்றவே வேண்டாம். அப்புறம், கேமரா மெனுவில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்குமல்லவா? அது கேமராவின் சொந்த மைக்குக்கு மட்டும்தான். வெளி மைக்குக்கு உதவாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதி வேலை இருக்கிறது. மைக்குக்குப் பின்பக்கம்தான் காது மந்தம். ஆகவே மோட்டார், ரோடு, கத்துகிற கன்று எதுவானாலும் அது உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறோம். அழகாக இருக்கிறதே என்று சலங்கை கட்டிய மாட்டை அப்புச்சிக்கு நேர் பின்னால் நிறுத்தினால், அவரை நோக்கும் மைக் சலங்கையையும் அதே அக்கறையோடு எடுக்கும். கிளுவை வேலி அடர்த்தியாக இருக்கும் ஓரமாக, காற்று மறையும் பக்கம் நில்லுங்கள்.

கேமராவில் ஒலிப்பதிவு, அளவைக் கேமராவே வைக்கும் ஆட்டோவில் இருந்தால், நாமே வைக்கும் மேனுவலுக்கு மாற்றுங்கள். இது முக்கியம். பெரியவர்கள் பேச்சு நடுவே நிறுத்தி யோசிப்பார்கள். 'அந்தக் காளைக்கு...' என்று நிறுத்துவார். அந்த ஐந்து விநாடியில் ஆட்டோ, சத்தமே வரவில்லை என்று நினைத்து அளவை ஏற்றிக்கொண்டே போகும். இரைச்சல் 'உஸ்ஸ்' என்று மேலே எழும். அவர் திரும்பப் பேசியதும் பட்டென்று அடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பிறகு எடிட்டிங்கில் சரி செய்வது பெரும்பாடு. மேனுவலில் வைத்து, அப்புச்சியைக் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லி, திரையில் ஓடும் ஒலி அளவுக் கோடு 12-ஐ எப்போதாவது தொடும்படி அளவை நிறுத்துங்கள். 0-வைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், அதைத் திரும்பச் சரி செய்ய வழியில்லை.

மிச்சப் பணத்துக்கு வேறு வேலை என்றேனே, அது இதுதான். மூன்று மீட்டர் 3.5 மில்லிமீட்டர் நீட்டிப்பு ஒயர் ஒன்று வாங்குங்கள், அதிலும் இரண்டு வளையம் உள்ள பின். அப்புச்சி திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து பேசும் நாளில் மைக்கைக் கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள். வீட்டில் தொரட்டிக் குச்சி இருக்கும். அதன் நுனியில் மைக்கை அதன் பிடியோடு கட்டி, உங்கள் தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தில் தெரியாத அளவுக்குத் தலைக்கு மேலே, வாயிலிருந்து ஒன்றரை அடியில், கீழ்நோக்கி. அப்போது மைக் பார்ப்பது அப்புச்சியையும் அவர் காலடி மண்ணையும். மண் சத்தம் போடாதே! கேமரா மேல் மாட்டியபோது கேட்ட அதே மைக்தானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். ஒயரைக் குச்சியில் நாலு இடத்தில் சுற்றிக் கட்டுங்கள், தொங்கி ஆடினால் அந்தத் தட்டலும் பதிவாகும்.

சட்டையில் மாட்டும் காலர் மைக் ஒன்றும் மோசமில்லை, ஆயிரம் ரூபாய்க்கே ஆறு மீட்டர் ஒயரோடு கிடைக்கிறது. ஆனால் பிடிக்காது என்று சொல்லும் பெரியவருக்கு மாட்ட வேண்டாம். சட்டையைத் தடவிக்கொண்டே பேசுவார், பேச்சும் இயல்பாக வராது. காளைக்குப் பக்கத்தில் ஒயர் கட்டிய ஆளை நிறுத்துவதும் நல்லதல்ல.

உங்கள் கேமராவில் ஹெட்போன் துளை கிடையாது, ஆகவே பதிவாகும்போது கேட்டுச் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் எடுத்து, கேமராவின் ஸ்பீக்கரைக் காதோடு வைத்து ஒருமுறை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பின்னைக் கடைசிவரை அழுத்தாமல் விட்டு ஒரு முழு நாளை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஆடி மாதத்திலேயே எடுக்கத்தான் வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள். வெயில் ஏறும்வரை காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், மாடுகளை அவிழ்த்துவிடும் நேரமும் அதுதான், அப்புச்சியும் அப்போதுதான் நன்றாகப் பேசுவார்.