கார் பந்தய ஓட்டுநர்கள் 20 வினாடியை இழந்து ஏன் மறுபடி பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடத்துக்குள்) போகிறார்கள்?

நல்ல உதாரணம், 2019 ஹங்கேரி ஃபார்முலா 1 பந்தயம். மொத்தம் 70 சுற்று. வெர்ஸ்டாப்பன் முன்னால்; 25ஆவது சுற்றில் மாட்டிய ஹார்டு (மெதுவாகத் தேயும், கடினமான) டயரிலேயே ஓட்டம். இரண்டாமிடத்தில் இருந்த ஹாமில்டனால் முந்த முடியவில்லை, முந்துவது கடினமான பாதை அது. 48ஆவது சுற்றில் அவரது அணி மெர்சிடிஸ் அவரை உள்ளே அழைத்து, ஹார்டைவிட மென்மையான புது மீடியம் டயர் மாட்டியது. இடைவெளி சுமார் 20 வினாடி ஆனது. ஆனால் அடுத்து வந்த ஃபெராரி அணி கார்கள் வெகுதூரம் பின்னால் இருந்ததால் இரண்டாமிடம் பறிபோகவில்லை. துணிச்சலான, அருமையான முடிவு!

அப்புறம் ரப்பர்தான் பேசியது. தேய்ந்த டயர் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடாகும், பிடிப்பு இன்னும் குறையும். வளைவுக்கு முன்பே பிரேக், வெளியே வரும்போது ஆக்சிலேட்டரில் தயக்கம். சுற்றுக்கு ஒரு வினாடி போனாலே 20 சுற்றில் கணக்கு நேராகிவிடும். 67ஆவது சுற்றின் முதல் வளைவில் ஹாமில்டன் வெளிப்பக்கமாக முந்திப் போனார்.